நடுக்கத்துக்கு ஒரு டாக்டர், வயிற்றுக்கு ஒரு டாக்டர்

பார்க்கின்சன் நோயாளி ஒருவருக்கு நாலு நாளாக மோஷன் போகவில்லை. இதை யாரிடம் சொல்வது? நரம்பு டாக்டரிடம் போனால் கை நடுக்கம், நடை, மாத்திரை வேளை என்று பேசுவதற்கே நேரம் சரியாகிவிடுகிறது. எழுந்து கிளம்பும் நேரத்தில் மருமகள் மெல்ல "வயிறுதான் கொஞ்சம்..." என்று இழுத்தால், சீட்டின் அடியில் ஒரு பேதி மருந்தின் பெயர் சேர்கிறது. வயிற்று டாக்டரிடம் போனால் ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, காலையில் வெறும் வயிற்றில் போட ஒரு 'கேஸ் மாத்திரை'. அந்த மாத்திரையே சில சமயம் நடுக்கத்தைக் கூட்டிவிடுகிறது என்பது இந்தக் கதையின் மோசமான பகுதி. அதைப் பிறகு பார்ப்போம்.

நடுக்குவாதம் என்று தமிழில் பெயர் வைத்ததால் நோய் கையிலும் காலிலும் இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறோம். அதை முதலில் விவரித்தவர் அப்படி நினைக்கவில்லை. லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் வைத்தியம் பார்த்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் ஒரு சிறிய நூல் எழுதினார். அதில் வருபவர்கள் ஆறே பேர். அவர்களில் இருவரைத் தெருவில் பார்த்துப் பேசினார். ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. அவ்வளவு குறைந்த கையிருப்பை வைத்துக்கொண்டே, இந்த நோயாளிகளின் குடல் தொடக்கத்திலிருந்தே மந்தமாக இருக்கிறது, முற்றிய நிலையில் கடுமையான பேதி மருந்து தேவைப்படுகிறது, சிலருக்கு மலத்தைக் கையாலோ கருவியாலோ எடுக்க வேண்டியிருக்கிறது என்று குறித்துவைத்தார். மூளையில் டோபமைன் குறைகிறது என்பது தெரியவருவதற்கு நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய குறிப்பு இது.

உலகில் 85 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டது. அவர்களில் எத்தனை பேருக்கு மலச்சிக்கல் என்று கேட்டால் ஆய்வுக்கு ஆய்வு விடை மாறுகிறது. பெரும்பாலும் பாதிப் பேரிலிருந்து ஐந்தில் நான்கு பேர் வரை சொல்கிறார்கள். எதை மலச்சிக்கல் என்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது அது. வாரத்துக்கு மூன்று முறைக்கும் குறைவாகப் போவது மருத்துவக் கணக்கு. தினமும் போகிறார், ஆனால் அரை மணி நேரம் முக்கிவிட்டுப் பாதிதான் இறங்கியது என்றால் அதுவும் அந்தக் கணக்கில் சேரும். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரிலிருந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு, நோயாளியின் வாய்மொழியை விட்டுவிட்டுப் பெருங்குடலையே அளந்து பார்த்தது. 32 பேரில் மூன்றில் இரண்டு பேருக்குக் குடல் இயல்பை மீறிப் பருத்திருந்தது. ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்கு உள்ளே போனது வெளியே வர அளவுக்கு மீறிய நேரம் பிடித்தது. 'எனக்கு மலச்சிக்கல் இருக்கிறது' என்று தாமாகச் சொன்னவர்கள் அதைவிடக் குறைவு. பல ஆண்டுகளாக மெல்ல மெல்ல வந்த தொல்லை என்பதால் அதையே தம் இயல்பு என்று எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள்.

எத்தனை ஆண்டுகள்? ஹவாயில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளி ஆண்கள் 6,790 பேரிடம், தினம் எத்தனை முறை வெளிக்குப் போகிறீர்கள் என்று கேட்டுக் குறித்துவைத்திருந்தார்கள். இதய நோய் ஆய்வுக்காகக் கேட்ட கேள்வி அது. பின்னால் அவர்களில் 96 பேருக்குப் பார்க்கின்சன் வந்தது. நாளுக்கு ஒரு முறை போனவர்களோடு ஒப்பிட்டால், ஒரு முறைகூடப் போகாதவர்களுக்கு நோய் வந்த வாய்ப்பு 2.7 மடங்கு. அந்தக் கேள்விக்கும் கை நடுங்கத் தொடங்கியதற்கும் இடையே சராசரியாகப் பத்தாண்டுகளுக்கு மேல் ஓடியிருந்தது. 2001இல் இது வெளியானபோது நரம்பியல் உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. மலச்சிக்கல் உள்ளவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டியதில்லை. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பார்க்கின்சன் வராது. 6,790இல் 96 என்ற எண்ணே அதற்குச் சாட்சி.

இதற்குப் பிறகு 2003இல் ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஹைக்கோ பிராக் ஒரு கருதுகோளை முன்வைத்தார். ஆல்ஃபா சைநியூக்ளின் என்ற புரதம் முறுக்கிக்கொண்டு கட்டியாவதுதான் இந்த நோயின் அடையாளம். அது குடலின் நரம்பு வலையில் தொடங்கி, வேகஸ் நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு ஏறுகிறது என்றார் அவர். ஒரு காலத்தில் வயிற்றுப் புண்ணுக்காக வேகஸ் நரம்பை முழுவதும் வெட்டிவிடும் அறுவைச் சிகிச்சை இருந்தது. அப்படி வெட்டிக்கொண்டவர்களுக்குப் பார்க்கின்சன் குறைவாக வருவதாக டென்மார்க்கிலிருந்து 2015இலும் சுவீடனிலிருந்து 2017இலும் கட்டுரைகள் வந்தன. அதே டென்மார்க் பதிவேட்டை வேறு விதமாக அலசியவர்கள் அப்படியொன்றும் தெளிவாகத் தெரியவில்லை என்றார்கள். எல்லோருக்கும் குடலில்தான் தொடங்குகிறது என்று இன்று யாரும் சொல்வதில்லை; சிலருக்குக் குடலிலும் சிலருக்கு மூளையிலும் தொடங்கலாம் என்பது இப்போதைய சமரசம். பத்திரிகைகளில் அதிகம் எழுதப்படுவது இந்தப் பகுதிதான். ஆனால் இன்று காலை கழிவறையில் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.

அவருக்கு வேண்டியது, அடைப்பு எங்கே என்பது. அது இரண்டு இடங்களில் இருக்கலாம்.

ஒன்று, பெருங்குடலே மெதுவாக அசைவது. உணவை நகர்த்தும் தசைகளை ஆட்டுவிக்கும் நரம்பு வலையிலும், அதற்கு மேலிருந்து கட்டளையிடும் மூளைத்தண்டிலும் நோய் புகுந்திருக்கிறது. மலம் உள்ளேயே நீண்ட நேரம் தங்க, குடல் அதிலிருந்து நீரை உறிஞ்சிவிட, ஆட்டுப் புழுக்கை போல ஆகிறது. இரண்டாவது, வாசலில். வெளிக்குப் போகும்போது மலவாயைச் சுற்றிய தசைகள் தளர வேண்டும். பார்க்கின்சனில் சிலருக்கு அவை தளர்வதற்குப் பதில் இறுகுகின்றன. கைகால் விறைப்பைப் போலவே இதுவும் ஒரு விறைப்புதான். வாசல் பூட்டியிருக்கும்போது பின்னாலிருந்து தள்ளும் மருந்தை எவ்வளவு கூட்டினாலும் வயிற்றுவலிதான் மிச்சம். இந்த இரண்டில் எது, அல்லது இரண்டுமா என்று பார்க்க, டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு விரலால் செய்யும் ஒரு நிமிடப் பரிசோதனை பெரும்பாலும் வழி காட்டிவிடும். கூச்சம் இரண்டு பக்கமும் இருப்பதால் அதுதான் தவிர்க்கப்படுகிறது.

குடலோடு முடிகிற சங்கதியாக இருந்தால்கூடப் போகட்டும் என்று விடலாம். முடிவதில்லை. பார்க்கின்சனுக்குத் தரும் முக்கிய மாத்திரையான லெவோடோபாவை இரைப்பை உறிஞ்சுவதில்லை, சிறுகுடலின் மேற்பகுதிதான் உறிஞ்சுகிறது. இந்த நோயில் இரைப்பையும் சோம்பிவிடுகிறது. காலை எட்டு மணிக்குப் போட்ட மாத்திரை பத்து மணிவரை இரைப்பையிலேயே கிடக்கலாம். குளிக்கவோ பித்தான் போடவோ முடியாமல் அவர் காத்திருப்பார். சில நாள் அந்த வேளை மாத்திரை வேலையே செய்யாமல் போகும். வீட்டார் நோய் முற்றிவிட்டது என்று நினைக்கிறார்கள். டாக்டர் மாத்திரையைக் கூட்டுகிறார். மாத்திரை போதாமல் இருந்திருக்காது, போய்ச் சேராமல் இருந்திருக்கும். மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் வயிற்றை விசாரிக்க வேண்டும் என்று இந்தக் கட்டுரை வற்புறுத்துவது இதனால்தான்.

(லெவோடோபாவுக்கும் சென்னைக்கும் பழைய உறவு உண்டு. பூனைக்காலி விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து 1937இல் எழுதியவர்கள் மதராஸ் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் ராமசாமியும். இன்று பூனைக்காலிப் பொடி சாப்பிடுபவர்களுக்கும் அதே இரைப்பைச் சிக்கல் உண்டு. டாக்டர் தரும் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து இரட்டிப்பாகிவிடும் ஆபத்தும் உண்டு.)

இனி அந்தக் கேஸ் மாத்திரை. வயிறு உப்புசம், குமட்டல், சாப்பிட்டவுடன் நிறைந்துபோவது என்றால் இந்தியாவில் சரளமாக எழுதப்படுவது அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் அல்லது ராபிபிரசோலோடு லெவோசல்பிரைடு சேர்ந்த கேப்சூல். இந்த லெவோசல்பிரைடு டோபமைனைத் தடுப்பது. குடலில் மட்டும் தடுத்தால் பரவாயில்லை. மூளைக்குள்ளும் போய்த் தடுக்கிறது. தென்கொரியாவில் இதனால் அசைவுக் கோளாறு வந்த 91 பேரை ஆராய்ந்து 2009இல் எழுதினார்கள். அவர்களில் 90 சதவீதத்துக்கும் அதிகமானோருக்கு வந்திருந்தது பார்க்கின்சன் போன்ற விறைப்பும் மந்தமும். மருந்தை நிறுத்திய பிறகும் பலருக்கு அது முழுதாகப் போகவில்லை. ஏற்கெனவே பார்க்கின்சன் உள்ளவருக்கு இதைத் தருவது, ஒரு கையால் டோபமைனைக் கொடுத்து மறு கையால் பிடுங்குவதுதான். வாந்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைடு, தலைச்சுற்றலுக்குத் தரும் புரோகுளோர்பெரசின், சின்னரிசின் ஆகியவையும் இதே ரகம். அவசரப் பிரிவில் நரம்பூசி போட்டவுடன் ஏறுவது இவற்றில் ஒன்றாக இருக்கலாம் என்பதால், வீட்டார் இந்த மருந்துகளின் பெயர்களைத் தாளில் எழுதிக் கையில் வைத்திருப்பது நல்லது.

டோம்பெரிடோன் சாதாரணமாக மூளைக்குள் நுழைவதில்லை. அதனால் பார்க்கின்சன் நோயாளியின் குமட்டலுக்கும் இரைப்பை மந்தத்துக்கும் அதுவே பழக்கமான மருந்து. அதற்கும் ஒரு விலை உண்டு: இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2014இல் அதன் அளவையும் நாளையும் கட்டுப்படுத்தியது. அறுபது தாண்டியவருக்கு ஈசிஜி பார்த்துவிட்டுத் தருவதே முறை.

நரம்பு டாக்டரின் சீட்டும் இதில் குற்றமற்றது அல்ல. நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்சிபெனிடில் குடலை உலர்த்தி நிறுத்திவிடும். வயதானவர்களுக்கு ஞாபகத்தையும் குழப்பும். அமன்டடினும் பிராமிபெக்ஸோல் வகையும் தம் பங்குக்குச் செய்யும். இவற்றோடு தூக்கத்துக்கு அமிட்ரிப்டிலின், மூட்டுவலிக்கு டிரமடால், ரத்தசோகைக்கு இரும்பு, எலும்புக்குக் கால்சியம் என்று ஒரு பை நிறைய மாத்திரைகள் இருக்கும். எல்லாமே மலத்தை இறுக்குபவை. இரும்புச் சத்து மாத்திரை இன்னொன்றும் செய்கிறது: லெவோடோபாவோடு ஒட்டிக்கொண்டு அதை உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். புதிய பேதி மருந்து எழுதுவதற்கு முன் இந்தப் பையைக் கொட்டிப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

மருந்துகளில் எதற்குச் சான்று இருக்கிறது? ஆச்சரியம், விலை குறைந்தவற்றுக்கே நன்றாக இருக்கிறது. தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மேக்ரோகோல் பவுடரை இத்தாலியில் 57 நோயாளிகளிடம் எட்டு வாரம் சோதித்தார்கள். 2007இல் வெளியான முடிவின்படி, மருந்து எடுத்தவர்களில் 80 சதவீதத்தினருக்கும் போலி மருந்து எடுத்தவர்களில் 30 சதவீதத்தினருக்கும் பலன் தெரிந்தது. குடலுக்குள் நீரைப் பிடித்துவைப்பது மட்டுமே அதன் வேலை. ஒரு எச்சரிக்கை: விழுங்கச் சிரமப்படுபவர்களுக்குத் தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுக்க மாவுச்சத்துப் பொடி கலப்பதுண்டு. அதில் மேக்ரோகோலைக் கலந்தால் கெட்டித்தன்மை போய் நீர்த்துவிடும், புரையேறும். பாரஃபின் எண்ணெய் கலந்த சிரப்பும் விழுங்கும் சிரமம் உள்ளவருக்கு ஆகாது. நுரையீரலுக்குள் போனால் வேறு வகை நிமோனியா வரும்.

இசப்கோல் எல்லோர் வீட்டிலும் உண்டு. பார்க்கின்சனில் அதைச் சோதித்த 1997ஆம் ஆண்டு ஆய்வில் ஏழே பேர்தான். போகும் எண்ணிக்கை கூடியது. குடலின் வேகம் கூடவில்லை. தண்ணீர் தாராளமாகக் குடிப்பவருக்கு நல்லது. இந்த நோயாளிகள் பலருக்குத் தாகமே தெரிவதில்லை, சிலர் சிறுநீருக்கு அடிக்கடி எழ வேண்டுமே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இசப்கோல் உள்ளேயே பசை மாதிரி உட்கார்ந்துகொள்ளும். நிலாவாரையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உலக மருந்துச் சந்தையில் அதற்குப் பெயரே 'தின்னவேலி சென்னா'; திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசலில் விளைந்து கப்பலேறிய இலை. பவுடர் மட்டும் போதாதபோது குடலைத் தூண்ட அதை அவ்வப்போது சேர்ப்பது நடைமுறையில் உண்டு.

நல்ல பாக்டீரியாக்கள் கொண்ட மருந்துகளைப் பற்றி வரும் விளம்பரங்களைப் பார்த்துச் சலித்தவர்களும், இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் நம்பலாம். இத்தாலியில் நார்ச்சத்தோடு சேர்ந்த புளித்த பாலை 120 பேரிடம் நான்கு வாரம் சோதித்தார்கள். அதைக் குடித்தவர்கள் வாரத்துக்கு ஒரு முறைக்குச் சற்று மேல் கூடுதலாக முழுமையாகப் போனார்கள். மலேசியாவில் 72 பேரிடம் செய்த சோதனை 2021இல் வெளிவந்தது; அங்கும் வாரத்துக்கு ஒரு முறை கூடியது. ஒரு முறைதானா என்று தோன்றும். வாரத்துக்கு இரண்டு முறை போகிறவருக்கு மூன்று என்பது சின்ன விஷயம் இல்லை. வீட்டுத் தயிருக்கும் இதே பலன் உண்டா என்று பலரும் கேட்பார்கள். சோதிக்கப்பட்டவை குறிப்பிட்ட பாக்டீரியா வகைகள், குறிப்பிட்ட அளவில். தயிரால் கெடுதல் இல்லை. ஆனால் இந்த எண்களைத் தயிரின் கணக்கில் எழுத முடியாது.

லூபிப்ரோஸ்டோன் என்ற மாத்திரையை 54 பேரிடம் சோதித்தபோது 64 சதவீதத்தினர் நல்ல முன்னேற்றம் என்றார்கள். போலி மருந்தில் 18.5 சதவீதம். மற்றவை தோற்றபின் வருவது இது, புருகலோபிரைடும் அப்படியே. சுறா மீனிலிருந்து கண்டெடுத்த ஸ்குவாலமைனின் செயற்கை வடிவம் ஒன்று 2022இல் பலரின் கவனத்தை ஈர்த்தது. 150 பேரில், மருந்து எடுத்தவர்கள் முழுமையாகப் போனது வாரத்துக்கு 0.7 முறையிலிருந்து 3.2 ஆக உயர்ந்தது. போலி மருந்தில் 1.2. ஒருவரின் மலத்திலுள்ள பாக்டீரியாக்களை இன்னொருவருக்கு மாற்றும் சிகிச்சையோ 2024இல் பெல்ஜியத்தில் லேசான பலன் தந்தது, பின்லாந்தில் தரவில்லை. மலச்சிக்கலுக்காக அதை யாரும் இப்போது தேடிப்போக வேண்டியதில்லை.

சாப்பாட்டில் ஒரு முரண் இருக்கிறது. மலச்சிக்கலுக்குச் சுண்டல், பயறு, கீரைக்கூட்டு என்று சொல்கிறோம். லெவோடோபாவோ புரதத்தோடு ஒரே வாசலில் முட்டிக்கொள்கிறது; பருப்பிலிருந்து வரும் அமினோ அமிலங்கள் முந்திக்கொண்டால் மாத்திரை வெளியே நிற்கும். அதனால் காலையில் பொங்கலும் சாம்பாருமாகச் சாப்பிட்டவுடன் மாத்திரை போட்டால் அன்று பகல் வீண். மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணிக்கு முன், அல்லது ஒரு மணிக்குப் பின். மாத்திரையின் பலன் ஏறி இறங்குபவர்கள் பயறையும் முட்டையையும் இரவுக்குத் தள்ளிவிட்டு, பகலில் வாழைத்தண்டு, கொய்யா, பப்பாளி, காய்கள், ஊறவைத்த உலர்திராட்சை என்று நார்ச்சத்தை எடுத்துக்கொள்ளலாம். புரதத்தையே நிறுத்தக் கூடாது. ஏற்கெனவே மெலியும் உடம்பு அது.

வாசல் பூட்டிய சிக்கலுக்கு வேறு வழி. குந்தி உட்காரும்போது மலக்குடலின் வளைவு நேராகிறது. நம் பழைய கழிவறை இதில் சரிதான். விறைத்த முழங்காலோடு குந்தினால் எழுந்திருக்க முடியாது. வெஸ்டர்ன் கழிவறையில் உட்கார்ந்து, காலுக்கடியில் ஒரு முக்காலியைப் போட்டு, முன்னால் சாய்ந்தால் ஏறத்தாழ அதே நிலை கிடைக்கும். காலைச் சாப்பாடு முடிந்த அரை மணிக்குள் பெருங்குடல் தானாக ஒரு முறை அசையும். மாத்திரை வேலை செய்யும் நேரமும் அதோடு பொருந்தினால் வாசல் தசையும் தளரும். முக்கும்போதும் எழும்போதும் ரத்த அழுத்தம் விழுந்து மயங்குபவர்கள் உண்டு. உள்தாழ்ப்பாள் வேண்டாம், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும். இவற்றுக்கும் மசியாதவர்களுக்குத் தசையைத் தளர்த்தக் கற்றுக்கொடுக்கும் பயோஃபீட்பேக் பயிற்சியும், அந்தத் தசையிலேயே போடும் போட்டுலினம் ஊசியும் இருக்கின்றன. சின்ன ஆய்வுகள்தான், ஆனால் நம்பிக்கை தருபவை.

எதிர்ப்பக்கமும் உண்டு. வயிற்றுப்போக்கு. லெவோடோபாவோடு சேர்த்துத் தரும் என்டகபோன் தொடங்கிச் சில வாரங்களோ மாதங்களோ கழித்துப் பேதி வந்தால் முதலில் அந்த மாத்திரையைச் சந்தேகிக்க வேண்டும். பல நாள் போகாதவருக்குத் திடீரென்று தண்ணீராகக் கசிந்தால் அது பேதி அல்ல. உள்ளே இறுகி அடைத்த மலத்தைச் சுற்றி நீர் ஒழுகுகிறது. அங்கே பேதியை நிறுத்தும் மருந்து கொடுப்பது அடைப்புக்கு மேலே பூட்டுப் போடுவது. வயிறு உப்பி, வலித்து, காற்றும் பிரியாமல், வாந்தியும் வந்தால் அதே நாளில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பருத்துத் தொங்கும் பெருங்குடல் முறுக்கிக்கொள்வது இந்த நோயில் நடக்கக்கூடியது. அங்கே 'வாய்வழி எதுவும் கூடாது' என்று எழுதிவிட்டால் லெவோடோபாவும் நின்றுபோகும். திடீரென்று நிறுத்தினால் கடும் விறைப்பும் காய்ச்சலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குழாய் வழியாகவோ, தோலில் ஒட்டும் பட்டையாகவோ, ஊசியாகவோ என்ன மாற்று என்று நரம்பு டாக்டரை உடனே கேட்கச் சொல்ல வேண்டும்.

பார்க்கின்சன் உள்ளவரைக் கவனித்துக்கொள்பவர்கள் செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று உண்டு. ஒரு வாரத்துக்கு ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த நாள் போனார், எப்படி இருந்தது, எத்தனை தம்ளர் தண்ணீர் குடித்தார், எந்த மணிக்கு மாத்திரை போட்டார், எந்த மணிக்கு அது வேலை செய்தது. வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள், கேஸ் மாத்திரை உட்பட. அடுத்த முறை நரம்பு டாக்டரிடம் உட்கார்ந்தவுடன் வயிற்றிலிருந்து தொடங்குங்கள். நடுக்கத்தை அவர் கண்ணாலேயே பார்த்துக்கொள்வார்.